சீட் பெல்ட்டின் கடைசி முழம்: வெள்ளத்தில் நின்ற ஒரு காரும் ஒரு நுகர்வோர் புகாரும்

மதுரை புதூரில் உள்ள அந்த ஷெட்டில் ஆட்டோ எலெக்ட்ரீசியன் முதலில் கை வைத்தது என்ஜினில் அல்ல, சீட் பெல்ட்டில். நாம் மாட்டிக்கொள்ளும் அளவோடு நிறுத்தாமல், உள்ளே இனிச் சுற்று இல்லை என்கிற வரை இழுத்தார். வெளியே வந்த பெல்ட் முழுக்க நல்ல கறுப்பு. கடைசி ஒரு முழம் மட்டும் சாம்பலும் காவியும் கலந்த நிறத்தில், கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக இருந்தது.

“கைக்கு எட்டுன வரைக்கும் கழுவியிருக்காங்கண்ணே. உள்ள சுத்தியிருக்கறத யாரு இழுத்துப் பாக்கப் போறான்னு விட்டுட்டாங்க” என்றார்.

அடுத்து முன் சீட்டைக் கழற்றினார். சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருவேறி இருந்தன. தரை மேட்டியைத் தூக்கினால் அடியில் உள்ள ஸ்பாஞ்சில் இன்னும் ஈரம். விரலால் தடவியபோது ஆற்று வண்டல் போல மெல்லிய மண் ஒட்டியது. டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் வயர்களை இணைக்கும் கப்ளர்களைப் பிரித்தார். பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருந்தது. மூன்று மாதமாக ஏபிஎஸ் என்ற பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிவதும் அணைவதும், பவர் விண்டோ பாதியில் நிற்பதும், ஏசி போட்டால் ஈரத்துணி வாடை அடிப்பதும் ஏன் என்று அப்போது புரிந்தது.

வண்டி என் தங்கையின் வீட்டுக்காரருடையது. நுகர்வோர் அமைப்பு ஒன்றில் சில வருடங்களாகப் புகார் மனு எழுத நான் உதவி வருகிறேன். வக்கீல் இல்லை. அன்று ஷெட்டில் நின்றபோது மாப்பிள்ளையிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: “வாங்கும்போது வெள்ளத்தைப் பத்திக் கேட்டீங்களா? எழுத்துல ஏதாவது இருக்கா?” இருந்தது. வழக்கு முழுவதும் அந்தச் சின்னச் செய்தியின் மேல்தான் நின்றது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வாங்கிய கதை

2024 மே மாதம். சென்னைப் புறநகரில் பழைய கார் விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங். விளம்பரத்தில் 2019 ஜனவரி மாடல் பெட்ரோல் கார், சிங்கிள் ஓனர், 38 ஆயிரம் கிலோமீட்டர், ‘பக்கா கண்டிஷன்’. விலை பேசி 4,85,000 ரூபாயில் முடிந்தது. மாப்பிள்ளை சென்னைக்குப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், இரண்டு கிலோமீட்டர் ஓட்டியும் பார்த்தார். பெயின்டும் டிங்கரிங் வேலையும் தெரிந்த நண்பர் ஒருவர் கூடப் போய், பாடியில் அடி எதுவும் இல்லை என்றார். அது உண்மைதான். தண்ணீர் தகட்டை நெளிக்காது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏதோ தோன்றி, கன்சல்டிங்காரருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பியிருக்கிறார்: “சார், வண்டி வெள்ளத்துல நின்னதா, பெரிய ஆக்சிடென்ட் ஆனதா? அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இல்லன்னா டோக்கன் போட்டுடறேன்.”

நீல டிக் வந்தது. நான்கு நிமிடத்தில் பதிலும் வந்தது. அதில் இருந்தது வங்கிக் கணக்கு எண் மட்டும். கேட்ட கேள்விக்கு ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மாப்பிள்ளை 25,000 ரூபாய் டோக்கன் போட்டார். மறுவாரம் 4,60,000 ரூபாயை ஆர்டிஜிஎஸ் செய்து வண்டியை எடுத்தார். எடுக்கும்போது ஒரு டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ‘வண்டியை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்திருந்தது. இது இல்லாத கன்சல்டிங் கிடையாது. ஜூன் மாதம் பெயர் மாற்றமும் முடிந்தது.

முதல் உரிமையாளர்

வண்டி தண்ணீரில் நின்றது என்பதை ஷெட்டில் பார்த்துவிட்டோம். ஆனால் விற்றவருக்கு அது தெரியும் என்று காட்டாவிட்டால் வழக்கு பாதியில் நின்றுவிடும். ‘எனக்கே தெரியாது சார், நானும் ஏமாந்துட்டேன்’ என்று சொன்னால் என்ன செய்வது?

பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் முதல் உரிமையாளரின் முகவரி இருந்தது. வேளச்சேரி. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை நேரில் போனோம். ஓய்வு பெற்ற அரசு ஊழியர். உட்கார வைத்து காபி கொடுத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நான் எதையும் மறைக்கலையே தம்பி. சீட்டு வரைக்கும் தண்ணி நின்னுச்சு. இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணி ரெடி பண்ணேன். எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும்போது போட்டோவோட சொன்னேன். அதைச் சொல்லித்தானே அவங்க நாப்பதாயிரம் குறைச்சாங்க?”

போனில் தேடி எடுத்துக் காட்டினார். 2024 பிப்ரவரியில் அதே கன்சல்டிங் எண்ணுக்குப் போன செய்தி. பார்க்கிங்கில் பாதி மூழ்கிய வண்டியின் இரண்டு படங்கள், கிளெய்ம் தீர்வுக் கடிதம்.

அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வாங்கும்போது வெள்ளத்தைக் காட்டி விலையைக் குறைத்தவர், மூன்று மாதம் கழித்து விற்கும்போது அதே வெள்ளத்தை விழுங்கிவிட்டார். அந்தப் பெரியவர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். அவரை எதிர்தரப்பாகச் சேர்க்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். சேர்க்கவில்லை. உண்மையைச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.

கையிலேயே இருந்த தாள்

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளத்தின் தடயம் வாங்கிய நாளிலேயே மாப்பிள்ளையின் கையில் இருந்தது. 2024 ஜனவரியில் புதுப்பித்த பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்ற இடத்தில் பூஜ்யம்.

ஒரு வருடம் கிளெய்ம் எடுக்காவிட்டால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அப்புறம் 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவீதமாகும். ஐந்து வருடம் ஓடிய, பொறுப்பான ஒருவர் வைத்திருந்த வண்டியில் பூஜ்யம் இருந்தால், போன வருடம் என்ன கிளெய்ம் என்று கேட்க வேண்டும். கிளெய்ம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அவர் அதைத் தன் புது வண்டிக்கு மாற்றியிருக்கலாம். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் போய்விடும். ஆனாலும் நல்ல துப்பு.

பலர் நினைப்பது போல அரசின் வாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடாது. எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, தகுதிச் சான்று எதுவரை, தடைப்பட்டியலில் இருக்கிறதா என்பவை தெரியும். வெள்ளத்தில் நின்றதும் விபத்தில் சிக்கியதும் அதில் வராது. கிலோமீட்டரும் அப்படித்தான். மீட்டரைத் திருப்புவதைத் தடுக்க அமெரிக்காவில் 1972 முதலே தனிச் சட்டம் உண்டு. இங்கே கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய பதிவுகளோடு ஒப்பிடுவதுதான் வழி. இந்த வண்டியில் ஒப்பிட்டோம். கிலோமீட்டர் சரியாகவே இருந்தது.

எதிர்தரப்பு சொன்ன மூன்று

2024 அக்டோபரில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. என்ன குறை, என்ன கேட்கிறோம், எத்தனை நாளில் என்று தெளிவாக எழுதி மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டார். பதிலில் மூன்று வாதங்கள் வந்தன.

முதலாவது: உள்ளது உள்ளபடி வாங்கினேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது என்ன கேள்வி? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பொதுவிதி வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பதே. ஆனால் 16ஆம் பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது. அந்த வகைப் பொருளையே வியாபாரமாகச் செய்பவரிடம் வாங்கினால், பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையை மட்டும் பிறகு கிளப்ப முடியாது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதில் மேட்டிக்கு அடியில் இருக்கும் வண்டல் தெரியாது. உள்ளது உள்ளபடி என்று எழுதி இந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தால் குறைக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை அந்த வரி காப்பாற்றாது.

இரண்டாவது: நாங்கள் வெறும் புரோக்கர்தான், ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) எங்கள் பெயரே இல்லையே! காகிதப்படி வண்டி பெரியவர் பெயரிலிருந்து நேராக மாப்பிள்ளை பெயருக்குப் போயிருந்தது. இதில்தான் நிறையப் பேர் சோர்ந்து போகிறார்கள். சோரத் தேவையில்லை. பணம் போனது கன்சல்டிங்கின் நடப்புக் கணக்குக்கு. டெலிவரி நோட்டில் அவர்கள் முத்திரை. விளம்பரத்தில் அவர்கள் எண். சரி, புரோக்கர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவர் தந்தது சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, நுகர்வோருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் வைப்பதும் அடங்கும். வியாபாரி என்றாலும் புரோக்கர் என்றாலும் அவர் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

இன்னொன்றும் மனுவில் சேர்த்தோம். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்திருக்கிறது. உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து டீலரையே உரிமையாளராகக் கருதுவார்கள். இவரிடம் அந்தச் சான்று இல்லை. இந்த விதியைப் பற்றி வண்டியைக் கொடுப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

மூன்றாவதுதான் கூர்மையானது: பாலிசி உங்கள் கையில் இருந்ததே, பார்த்திருக்கலாமே? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவில், சாதாரண கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடிக்கக்கூடிய வசதி இருந்தவர், மௌனத்தால் ஏமாந்தேன் என்று சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்ற விலக்கு இருக்கிறது. அவர்கள் வக்கீல் அதைத்தான் பிடித்தார்.

குதிரையின் கதை

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குத் தந்திருக்கும் உதாரணங்களை, வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு முறை படிக்க வேண்டும் என்பேன். அதில் வருவது கார் அல்ல, குதிரை. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. இது மோசடி அல்ல. வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய சொந்த மகள் என்றால், அந்த உறவே சொல்லும் கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவது உதாரணத்தில் வாங்குபவர் சொல்கிறார்: ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.’ விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே அவருடைய மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

150 வருடத்துக்கு முந்தைய அந்த வரியையும், மாப்பிள்ளை பஸ்ஸில் உட்கார்ந்து தட்டிய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இருந்தா இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா டோக்கன் போட்டுடறேன்.’ சட்டம் தெரியாத ஒருவர் சட்டத்தின் உதாரணத்தையே தன் வார்த்தையில் எழுதியிருக்கிறார். பதிலாக வந்த கணக்கு எண், குதிரைக்காரரின் மௌனத்தை விட ஒரு படி மேல். பணத்தைப் போடு என்றே அதற்கு அர்த்தம்.

மனுவில் இதை முதல் பக்கத்தில் வைத்தோம். 19ஆம் பிரிவின் விலக்குக்கு எங்கள் பதில் இரண்டு. நேராகக் கேட்டுவிட்டு நம்பிய ஒருவரிடம், பாலிசியின் ஒரு கட்டத்திலிருந்து நீயே ஊகித்திருக்கலாம் என்று சொல்வது சாதாரண கவனம் அல்ல, இன்சூரன்ஸ் ஏஜென்டின் கவனம். அதோடு, நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலாக நிற்பது. ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கதவு மூடினாலும் இதன் கதவு மூடாது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் இச்சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். இவ்வளவு சொன்ன பிறகும், அந்தப் பூஜ்யம் எங்களை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. நுகர்வோர் ஆணையம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மதுரையிலேயே

வண்டி வாங்கியது சென்னையில். பழைய 1986 சட்டமாக இருந்திருந்தால் அலைய வேண்டியிருக்கும். 2019 சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கணக்குப் பார்ப்பது நாம் கொடுத்த விலையை வைத்து, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 4,85,000 என்பதால் ஒரு ரூபாய் கட்டாமல் 2024 டிசம்பரில் இ-தாக்கில் என்ற இணையதளம் வழியாகப் பதிவு செய்தோம். (2025 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளம் வந்திருக்கிறது.) பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாங்கள் அதற்குள் நன்றாகவே இருந்தோம்.

சேர்த்த ஆவணங்களில் உழைப்பு பிடித்தது ஷெட்டில் எடுத்த படங்கள்தான். படங்களை மட்டும் நம்பாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மீண்டும் சோதிக்க வைத்து, நீர் புகுந்த தடயம் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கினோம். அதுவரை எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம் என்று மாப்பிள்ளையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. சரி செய்துவிட்டால் சாட்சி போய்விடும். வாட்ஸ்அப் செய்திகளுக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணச் சான்றும் இணைத்தோம்.

இதே வண்டியைக் கன்சல்டிங் இல்லாமல், வீட்டில் வைத்திருந்த ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் கதை வேறு. ஒருமுறை தன் காரை விற்பவர் வியாபாரி ஆகமாட்டார். நுகர்வோர் ஆணையம் பொதுவாகக் கைகொடுக்காது. சிவில் நீதிமன்றமும் ஒப்பந்தச் சட்டமும்தான்.

சமரசம்

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்து 30 நாள், கூடுதலாக 15 நாள். மொத்தம் 45 நாளுக்கு மேல் பதில் மனுவுக்கு அவகாசம் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020இல் சொல்லியிருக்கிறது. எதிர்தரப்பு 43ஆம் நாள் தாக்கல் செய்தது. பெரியவரின் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்த பிறகு அவர்கள் தொனி மாறியது. ஆணையம் 37ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்.

மாப்பிள்ளை கொடுத்தது 4,85,000. பழுதுக்கும் சோதனைக்கும் செலவு 27,600. முடிவில் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 4,50,000 தர ஒப்புக்கொண்டார்கள். 62,600 ரூபாய் போயிற்று. தங்கைக்கு இதில் திருப்தி இல்லை. கடைசி வரை நடத்தி, வட்டியோடும் இழப்பீட்டோடும் வாங்கியிருக்கலாம் என்பது அவள் எண்ணம். அவளைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்பு வந்தாலும் எதிர்தரப்பு பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதுவரை வண்டியை ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. எனக்கு அந்தப் பூஜ்யமும் நினைவில் இருந்தது. “முடிச்சுக்கலாம் மச்சான்” என்று மாப்பிள்ளையே சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம். டிடி கைக்கு வந்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் வாங்குபவர் பகுதி நிரப்பப்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேரும் வரை சாவியைக் கொடுக்கவில்லை. இல்லாவிட்டால் வண்டி அவர்களிடம், பொறுப்பு மாப்பிள்ளையிடம் என்று ஆகியிருக்கும்.

இன்னொரு வரியையும் சமரசப் பத்திரத்தில் கேட்டேன்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி மூழ்கியதை அடுத்து வாங்குபவரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கன்சல்டிங்காரர் முதலில் மறுத்தார். “அது எங்க பிசினஸ் சார், உங்களுக்கு எதுக்கு?” என்றார். அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் சமரசம் செய்து வைத்தவர் எடுத்துச் சொல்ல, அந்த வரி ஏறியது.

இரண்டு மாதம் கழித்து வண்டி எண்ணை எம்பரிவாகனில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஓனர். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. கடன் இல்லை. வெள்ளத்தைப் பற்றி எழுத அங்கே இடமே இல்லை. எங்கள் பத்திரத்தில் ஏறிய அந்த வரி எனக்கும் மாப்பிள்ளைக்கும் கன்சல்டிங்காரருக்கும் தெரியும். அந்த மூன்றாவது ஆளுக்கு யாராவது சொன்னார்களா என்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.